வேனுக்கு டின்ட் தேர்ந்தெடுப்பது எப்படி: உள்ளே தெரியக் கூடாது, வெளியே தெரிய வேண்டும்

வேனுக்கு டின்ட் ஃபிலிம் போட நினைப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, "எத்தனை சதவீதம் போடலாம்?" என்பதுதான், அதாவது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் ஃபிலிம் என்பது. அது ஆறாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தக் கண்ணாடி வழியாக ஓட்டுநர் பார்க்கிறார், யாரிடமிருந்து எதை மறைக்க வேண்டும், ஊர்ச் சட்டம் என்ன, கண்ணாடியில் ஏற்கெனவே எவ்வளவு இருட்டு இருக்கிறது, எந்த வகை ஃபிலிம் என்ற ஐந்தும் தெரிந்துவிட்டால் சதவீதம் தானாக வந்து நிற்கும்.

வரிசையை மாற்றி, கடையில் பார்த்த கறுப்பு பிடித்துப்போய் வாங்கிவிட்டு, இரவில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பவர்கள் அநேகம் பேர். காரைவிட வேனில் இந்தத் தொல்லை அதிகம். வண்டி நீளம், கண்ணாடி பெரிது, பின்பக்க ஜன்னல்களில் பல இறங்கவே இறங்காது.

தொடங்கும் முன் சில பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மூன்று அடர்த்திகளில் ஃபிலிம் மாதிரித் துண்டுகள் (குறைந்தது ஒரு தாள் அளவு, விரல் அகலத் துண்டு எதற்கும் உதவாது), சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டில், மாஸ்கிங் டேப், வெளியே நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள். கண்ணாடியின் ஒளி ஊடுருவலை அளக்கும் டின்ட் மீட்டர் பெரும்பாலான ஃபிலிம் கடைகளில் இருக்கும், அளந்து தரச் சொல்லலாம்.

1. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடிகளைப் பிரியுங்கள்

வண்டியை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. உள்ளே ஏறி, இருக்கையை வழக்கமான இடத்தில் வைத்து, எந்தக் கண்ணாடி வழியாகக் கண் போகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதுங்கள்: "கட்டாயம்", "அவ்வப்போது", "தேவையில்லை".

முன் கண்ணாடியும் இரண்டு முன்கதவுக் கண்ணாடிகளும் "கட்டாயம்". இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சைடு மிரரைப் பார்ப்பதும் முன்கதவுக் கண்ணாடி வழியாகத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடி இருண்டால் மிரரும் சேர்ந்தே இருளும்.

அடுத்தது ஸ்லைடிங் கதவின் ஜன்னல். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். நேராக ஓட்டும்போது அதன் பக்கம் கண்ணே போகாது, அதனால் "தேவையில்லை" என்று எழுதிவிடுவார்கள். ஒரு சாலை இன்னொன்றோடு சாய்வாகச் சேரும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தலையைத் திருப்பிப் பின்னாலிருந்து வரும் வண்டியைப் பார்ப்பது ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் இந்த நடு ஜன்னல் வழியாகத்தான். சைடு மிரரில் விழாத இடம் அது. ஆகவே இது "அவ்வப்போது", ஆனால் அந்த அவ்வப்போது ஆபத்தான நேரத்தில் வருகிறது.

பின்பக்க ஜன்னல்களும் பின்கதவும் உங்கள் வண்டியின் அமைப்பைப் பொறுத்தவை. ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத தடுப்பு இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள எந்தக் கண்ணாடியும் ஓட்டுவதற்கு உதவாது, சட்டம் இடம் தந்தால் அதை எவ்வளவு வேண்டுமானாலும் இருட்டாக்கலாம். தடுப்பு இல்லாத வேனில், இரட்டைப் பின்கதவு இருந்தால், நடுவில் இரண்டு கதவும் சேரும் சட்டம் ஏற்கெனவே பார்வையில் ஒரு பட்டையை விழுங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பதை நன்றாக வைத்துக்கொள்வதுதான் புத்தி.

பின்பக்க கேமரா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வெளியே பொருத்தியிருந்தால் ஃபிலிமால் அதற்குப் பாதிப்பில்லை. டேஷ்கேம் போலக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து பின்னால் பார்க்கும் கேமரா என்றால், ஃபிலிம் அதன் கண்ணையும் மறைக்கும்.

2. பகலில் மறைக்கவா, இரவில் மறைக்கவா?

டின்ட் ஃபிலிம் எதையும் "மறைப்பதில்லை", வருகிற வெளிச்சத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளியே வெளிச்சம் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருந்தால் வெளியில் நிற்பவருக்குக் கண்ணாடியின் பளபளப்பு மட்டும் தெரியும். பகலில் தெருவிலிருந்து பார்த்தால் வீட்டுக்குள் ஒன்றும் தெரியாது, ராத்திரி விளக்குப் போட்டால் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது வரை தெரியும் அல்லவா, அதே கணக்குதான்.

ஆகவே உள்ளே விளக்கு எரியும் வேனை இரவில் எந்த ஃபிலிமும் காப்பாற்றாது. 5 சதவீத ஃபிலிம் போட்டாலும் ஆள் அசைவு தெரியும். கண்ணாடி போல் மின்னும் மிரர் ஃபிலிமும் இரவில் திசை மாறிவிடும்: உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. வேனில் தூங்குவதற்கோ, உடை மாற்றுவதற்கோ மறைவு வேண்டுமென்றால் அது திரைச்சீலையின் வேலை, அல்லது ஜன்னல் அளவுக்கு வெட்டிய மறைப்பு அட்டையின் வேலை. அதை ஃபிலிமிடம் எதிர்பார்த்து இருட்டைக் கூட்டிக்கொண்டே போனால், கிடைக்காத மறைவுக்காக இருக்கிற பார்வையையும் இழப்பீர்கள். ஃபிலிமிடம் கேட்க வேண்டியது பகல் நேர மறைவு மட்டும்: நிறுத்திய வண்டிக்குள் இருக்கும் கருவிப்பெட்டி, பைகள், பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள்.

வேனுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு எதிர்ப்பக்க ஜன்னலின் வெளிச்சம் பின்னணியாக வந்து, நடுவில் உள்ள பொருளும் ஆளும் நிழலுருவமாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தை ஒரு பலகையாலோ திரையாலோ மூடிப் பாருங்கள், அதே ஃபிலிம் இரண்டு மடங்கு இருட்டாகத் தோன்றும். சரக்கு ஒரு பக்கமாகத்தான் அடுக்கப்படுகிறது என்றால், அந்தப் பக்கத்தை உள்ளிருந்து அடைத்துவிட்டு மறுபக்கத்துக்கு வெளிர் ஃபிலிம் போதும்.

அதேபோல் உட்புற நிறமும் கணக்கில் சேரும். வெளிர் நிற இருக்கை உறையும் வெள்ளை அட்டைப்பெட்டியும் எந்தக் கறுப்பையும் தாண்டிக் கண்ணில் படும். சாமான் மேல் ஒரு கருநிறப் போர்வையைப் போட்டு, ஜன்னலின் கீழ் விளிம்புக்குக் கீழே இருத்தினால் ஒரு படி வெளிர் ஃபிலிமே போதும்.

3. சட்டத்தை இப்போதே பாருங்கள்

ஃபிலிம் பிடித்துப்போன பிறகு சட்டத்தைப் பார்த்தால் மனம் சாக்குத் தேடும். அதனால்தான் இந்தப் படி இங்கே வருகிறது.

சட்டம் பேசுவது வி.எல்.டி என்ற கணக்கில், அதாவது கண்ணாடி வழியாக எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதில். எண் குறையக் குறைய இருட்டு கூடும். "50 வேண்டாம், ரொம்பக் கறுப்பு, 20 போடுங்கள்" என்று தலைகீழாகச் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

நாட்டுக்கு நாடு வேறுபாடு பெரிது. இந்தியாவில் மோட்டார் வாகன விதிகளின்படி முன்னும் பின்னும் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடிமேல் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. அதன்பின் விதி திருத்தப்பட்டு, அளவுக்குள் இருந்தால் ஃபிலிம் குற்றமல்ல என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சிங்கப்பூரில் முன்பக்கத்துக்கு 70, பின்பக்கத்துக்கு 25. பிரிட்டனில் முன்கதவுக் கண்ணாடிக்கு 70, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு வரம்பே இல்லை.

எனவே வேறு நாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து "வேனுக்குப் பின்னால் 5 போடலாமாம்" என்று கிளம்பாதீர்கள். உங்கள் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சரக்கு வாகனத்துக்கும் பயணிகள் வாகனத்துக்கும் சில நாடுகளில் விதி வேறு.

4. இருக்கிற கண்ணாடியை அளந்துகொள்ளுங்கள்

வெறுமையாகத் தெரியும் கண்ணாடிகூட முழு வெளிச்சத்தை விடுவதில்லை. சாதாரண வண்டிக் கண்ணாடி 70-லிருந்து 80 சதவீதத்துக்குள் விடும். ஃபிலிம் ஒட்டும்போது இரண்டையும் பெருக்க வேண்டும். கூட்டவோ கழிக்கவோ கூடாது.

78 சதவீதம் விடும் முன்கதவுக் கண்ணாடியில் "70 ஃபிலிம்" ஒட்டினால் கிடைப்பது 70 அல்ல: 0.78 × 0.70 = 0.546, ஏறக்குறைய 55. 70 வரம்புள்ள இடத்தில் இது சட்டப்படி தவறு. அங்கே 90 சதவீத ஃபிலிம் போட்டால்தான் 70.2 வரும், மயிரிழையில் தப்பலாம். பெட்டியில் போட்ட எண்ணையே சட்ட எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வேன்களில் பல, தொழிற்சாலையிலிருந்தே பின்பக்கக் கறுப்புக் கண்ணாடியோடு வருகின்றன. அது ஃபிலிம் இல்லை, கண்ணாடிக்குள்ளேயே கலந்த நிறம். பெரும்பாலும் 15-லிருந்து 25 சதவீதத்துக்குள் இருக்கும். 20 சதவீதக் கண்ணாடியில் "பாதிதானே" என்று 50 ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 10. அப்படிப்பட்ட கண்ணாடிக்கு இன்னும் இருட்டு தேவையே இல்லை. வெயில் சூடுதான் பிரச்சினை என்றால் தெளிவாக இருந்துகொண்டே சூட்டைக் குறைக்கும் செராமிக் வகை ஃபிலிமில் 70-க்கு மேற்பட்டதைப் போடுங்கள்.

அப்புறம், உள்ளேயே தங்கிப் பயணம் போகும் முகாம் வேன்களில் இருக்கும் இரட்டை அடுக்கு அக்ரிலிக் ஜன்னல்கள். தட்டிப் பார்த்தால் கண்ணாடியின் கணீர் ஒலி வராது, பிளாஸ்டிக் போல மொத்தென்று கேட்கும். இவற்றில் ஃபிலிம் ஒட்டவே கூடாது. ஃபிலிம் வாங்கும் சூட்டில் அக்ரிலிக் வளையும், பசைக்கு அடியில் குமிழ் கிளம்பும். இதற்குத் திரை மட்டும்தான் வழி.

5. ஃபிலிம் வகையை முடிவு செய்யுங்கள்

இருட்டும் குளிர்ச்சியும் ஒன்றென்று நினைப்பதால்தான் தேவைக்கு மேல் கறுப்பு வாங்குகிறார்கள். "கூலிங் ஃபிலிம்" என்று நாம் கூப்பிட்டுப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கலாம். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. அதைத் தடுக்கும் ஃபிலிம் தெளிவாக இருந்தாலும் சூட்டைக் குறைக்கும். வெறும் சாயம் ஏற்றிய ஃபிலிம் கன்னங்கரேலென்று இருந்தாலும் அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுக்காது.

சாய ஃபிலிம் மலிவு, ஆனால் காலப்போக்கில் ஊதா நிறத்துக்கு மங்கும். கார்பன் ஃபிலிம் மங்காது, சூட்டையும் ஓரளவு தடுக்கும். உலோகப் பூச்சு உள்ளது சூட்டை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஆனால் செல்போன், ஜி.பி.எஸ், ரேடியோ, சுங்கச்சாவடி அட்டை எல்லாவற்றின் சிக்னலையும் கெடுக்கக்கூடும். சில வேன்களில் ரேடியோ ஆண்டெனா பக்கக் கண்ணாடியிலேயே மெல்லிய கோடுகளாக இருக்கும், அங்கே உலோக ஃபிலிம் வேண்டாம். செராமிக் விலை கூடியது, சிக்னலைத் தொடாது, தெளிவாக இருந்துகொண்டே சூட்டைக் குறைக்கும். பார்வையும் வேண்டும், சூடும் குறைய வேண்டும் என்ற கண்ணாடிகளுக்கு மட்டும் செராமிக், "தேவையில்லை" என்று எழுதியவற்றுக்குக் கார்பன் என்று பிரித்துக்கொண்டால் செலவும் அடங்கும்.

கடையில் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டு, ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். அந்த விளக்கு பெரும்பாலும் அகச்சிவப்பையே விடுவது, வெயில் அப்படி அல்ல. எனவே கையில் தெரியும் குளிர்ச்சியை நம்பாமல், மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்ற டி.எஸ்.இ.ஆர் எண்ணைக் கேளுங்கள். "அகச்சிவப்பு 95 சதவீதம் தடுக்கும்" என்ற விளம்பர எண் சில சமயம் குறுகிய அலைநீளத்தில் மட்டும் அளந்ததாக இருக்கும்.

6. இப்போது சதவீதம்

இனி வருவதெல்லாம் ஃபிலிமும் கண்ணாடியும் பெருக்கிய கடைசி எண்கள். சட்டம் இடம் தரும் ஊர்களுக்கானவை.

முன் கண்ணாடியை விட்டுவிடுங்கள். முன்கதவுகளில் ஒன்றும் போடாதீர்கள், போட்டே ஆக வேண்டுமென்றால் 70-க்குக் கீழே போகாத தெளிவான செராமிக். ஸ்லைடிங் கதவு ஜன்னலுக்கு 35-லிருந்து 50. அதற்கும் பின்னால் உள்ள பக்க ஜன்னல்களில் 20 வரை இறங்கலாம். பின்கதவை ரியர்வியூ மிரரில் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 35-க்குக் கீழே வேண்டாம். தடுப்புக்குப் பின்னால் இருந்தால் உங்கள் விருப்பம்.

"எல்லாம் ஒரே கலராக இருந்தால்தான் லுக்கு" என்று கடைக்காரர் சொல்வார். உட்புறம் இருட்டான வேனில், பகலில் நான்கடி தள்ளி நின்று பார்த்தால் 20-க்கும் 35-க்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஓட்டுநருக்கோ இரவில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். லுக்குக்காக நடு ஜன்னலை விட்டுக்கொடுக்காதீர்கள்.

7. மாதிரியை ஒட்டி, இரவில் ஓட்டிப் பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டக் கூடாத படியும் இதுதான்.

கண்ணாடியின் உள்பக்கம் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மாதிரியின் பாதுகாப்புத் தாளை உரித்து, ஈரத்தோடு ஒட்டி, ஒரு பழைய கடன் அட்டையால் நீரைத் தள்ளுங்கள். காய்வதற்குள் உரித்துவிடலாம். தாளை உரிக்காமல் டேப்பால் தொங்கவிட்டால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே காற்று நின்று மங்கலாகத் தெரியும், நல்ல ஃபிலிமைத் தவறாகத் தள்ளிவிடுவீர்கள். இரண்டு அடர்த்திகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினால் ஒப்பிட வசதி.

பகலில் செய்யும் சோதனை மறைவுக்கு மட்டும். வெளியே நிற்பவரை முதலில் நான்கடியில் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கண்ணாடியில் நெற்றியை ஒட்டி இரு கைகளாலும் பக்க வெளிச்சத்தை மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருட நினைப்பவன் இரண்டாவது விதமாகத்தான் பார்ப்பான். உள்ளே ஒரு வெளிர் நிறப் பையை வைத்து, அது என்னவென்று சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள்.

பார்வைச் சோதனை இரவில்தான். பகலில் வெளிச்சம் பாதியானாலும் கண் சட்டென்று பழகிக்கொள்ளும், எந்த ஃபிலிமும் "நல்லாத்தானே தெரியுது" என்று தோன்றும். இரவில் பாதியாவதற்கு மிச்ச வெளிச்சமே இருக்காது. தெருவிளக்கு குறைவான, வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். உதவிக்கு வந்தவரைக் கருநிறச் சட்டையோடு வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, வண்டியை நகர்த்தாமல் ரிவர்ஸ் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். பிறகு அவரை மெல்ல ஸ்லைடிங் கதவுப் பக்கமாக நடந்து வரச் சொல்லுங்கள். ரிவர்ஸ் விளக்கின் ஒளி பக்கவாட்டில் எட்டாத ஒரு இடம் வரும். அங்கே அவர் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் காணாமல் போய், ஒட்டாத பகுதியில் மட்டும் தெரிந்தால், அந்த ஃபிலிம் அந்த ஜன்னலுக்கு வேண்டாம்.

கண்ணாடி மேல் வெளியிலிருந்து தண்ணீர் தெளித்து இதையே ஒருமுறை செய்யுங்கள். மழைத்துளியும் ஃபிலிமும் சேரும்போது எல்லாம் ஒரு படி மோசமாகும். வண்டியை ஓட்டுபவர்களில் வயதானவர் யாரோ, முடிவு அவர் கண்ணுக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

8. கடையில் கொடுக்கும்போது

வாயால் சொல்லாதீர்கள். கண்ணாடிவாரியாக ஃபிலிமின் பெயர், சதவீதம் எழுதிய தாளைக் கொடுத்து, பில்லிலும் அதையே எழுதச் சொல்லுங்கள். ஐந்தாறு ஜன்னல் உள்ள வேனில் எது எதற்கு என்பது வேலை நடுவே மாறிப்போவது சகஜம்.

பழைய ஃபிலிம் இருந்தால் பின்கண்ணாடியில் பிளேடு வைக்க விடாதீர்கள். பனி நீக்கும் கம்பிக் கோடுகள் உள்பக்கம்தான் இருக்கின்றன, ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கோடு வேலை செய்யாது. நீராவியால் இளக்கி உரிப்பதுதான் முறை.

இழுத்துத் திறக்கும் ஜன்னல் இருந்தால், ஒரு பலகம் மற்றொன்றின் மேல் நகரும்போது நடுவில் உள்ள ஃபெல்ட் பட்டை ஃபிலிமை உரசும். தூசி சேர்ந்தால் கோடு கோடாகக் கீறும். ஃபெல்ட்டைச் சுத்தம் செய்துவிட்டு ஒட்டச் சொல்லுங்கள், உரசும் விளிம்பில் ஃபிலிமை நிறுத்த முடியுமா என்றும் கேளுங்கள்.

அவசர வழியாகக் குறித்திருக்கும் ஜன்னலில் தடித்த பாதுகாப்பு ஃபிலிம் போடக் கூடாது. உடைந்த கண்ணாடியைச் சிதறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, அவசரத்தில் சுத்தியலால் உடைத்து வெளியேறுபவருக்கு அதுவே தடையாகும்.

9. ஒட்டிய பிறகு

இறங்கும் ஜன்னல்களை மூன்று நான்கு நாள் இறக்காதீர்கள், பசை பிடிக்கும் முன் விளிம்பு மடங்கிவிடும். முதல் வாரங்களில் தெரியும் பால்போன்ற மங்கலும் சிறு நீர்க்குமிழ்களும் உலரும்போது மறையும், குளிரில் இன்னும் கொஞ்சம் நாளாகும். ஊசியால் குத்தி நீர் எடுக்க வேண்டாம். உள்ளே ஒரு தூசித் துணுக்கு இருந்து அதைச் சுற்றி மேடாக இருந்தால் அது மறையாது, அதை மட்டும் கடையில் காட்டுங்கள்.

அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரைத் தவிருங்கள், சில ஃபிலிம்களின் நிறத்தையும் பசையையும் அது கெடுக்கும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

டின்ட் மீட்டரால் எல்லாக் கண்ணாடிகளையும் மறுபடி அளந்து, எண்ணைப் பில்லோடு வண்டியிலேயே வையுங்கள். சோதனையில் நிறுத்தினால் காட்டலாம், வண்டியை விற்கும்போதும் உதவும். ஓட்டிப் பழகிய பிறகு ஒரு ஜன்னல் மட்டும் இருட்டாகப் பட்டால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை, அந்த ஒன்றை மட்டும் உரித்து ஒரு படி வெளிர் ஃபிலிமாக ஒட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ஸ்லைடிங் கதவு ஜன்னலாகத்தான் இருக்கும்.